நுரையில்லாத இடம்

வெள்ளி, காலை 5.10

மலைநாட்டிலுள்ள கந்தப்பளை பஜாரிலிருந்து வேன் புறப்பட்டபோது ஐந்து பேரிடமும் சேர்த்து ஏழு ஸ்வெட்டர்கள் இருந்தன. கடலுக்குப் போகிறவர்கள் கம்பளியோடு போகிறோம் என்று பரீனா சிரித்தாள். ஏழில் இரண்டு அவளுடையவை.

வேன் அவள் கணவர் நவாஸுடையது. பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். என் கணவர் செபஸ்டியனும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பௌர்ணமிப் போயா வெள்ளிக்கிழமையில் விழுந்து மூன்று நாள் லீவு கிடைத்ததும், கிழக்குக் கடற்கரையிலுள்ள கோமாரிக்குப் போவோம் என்று இருவரும் கடை வாசலில் நின்றே முடிவெடுத்துவிட்டார்கள். எங்கள் மகள் டிலானிக்குப் பன்னிரண்டு வயது. அவள் அதற்கு முன் கடலைப் பார்த்ததில்லை.

ஐந்து பேரில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது. இதைப் புறப்படுமுன் நான் மூன்று தடவை சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊரறிந்த விஷயம். தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால், வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேடு சரிகிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

நுவரெலியா, வெலிமடை, பதுளை, மொனராகலை, பொத்துவில், கோமாரி. ஏறக்குறைய இருநூற்றுப் பத்துக் கிலோமீட்டர். பதுளை வரையில் வளைவுகளில் டிலானி இரண்டு தடவை வாந்தியெடுத்தாள். மொனராகலையில் தம்பிலி இளநீர் குடித்தோம், ஒன்று நூற்றைம்பது ரூபாய். அங்கேயே ஸ்வெட்டர்கள் எல்லாம் கழன்று பின் சீட்டுக்குப் போய்விட்டன.

பகல் 12.30

லாகுகலைக் காட்டில் ரோட்டோரமாக ஒரு யானை நின்றது. நவாஸ் வேனை நிறுத்தி மெதுவாகப் பின்னால் எடுத்தார். நான் டிலானியை மடிக்குள் இழுத்துக்கொண்டேன். அது பாட்டுக்கு நிற்கிறது, நாம் நம் பாட்டுக்கு நிற்போம் என்று அவர் சமாதானம் சொன்னார். பத்து நிமிடத்தில் யானை காட்டுக்குள் இறங்கியது. நான் மட்டும் பொத்துவில் வரை பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். இந்தப் பயணத்தில் பயப்பட வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டது என்று கணவர் கேலி செய்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பிற்பகல் 1.45

கோமாரியில் கணேசன் என்ற மீனவரின் வீட்டில் இரண்டு அறைகள் எடுத்திருந்தோம். ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு மூவாயிரத்து ஐநூறு. கணேசனுக்கு ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத மனிதர். அவர் மனைவி பாரை மீன் குழம்பும் முருங்கைக்கீரைச் சுண்டலும் வைத்திருந்தார். வீட்டு வேலியைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் கடல்.

கடல் அழகாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்வை ஒரு மலையில் போய் முட்டும். இங்கே முட்ட எதுவுமில்லை. டிலானி கையை விட்டுவிட்டு ஓடினாள். அன்று மாலை முழுவதும் அவள் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அம்மா நாய்க்குட்டியைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறார் என்று அவள் பரீனாவிடம் முறையிட்டாள்.

சனி, காலை 6.30

சூரியன் கடலிலிருந்து ஏறிய பிறகு குளிக்கப் போனோம். கரை நீளத்துக்கும் அலை வெள்ளையாக உடைந்தது. ஓரிடத்தில் மட்டும், ஒரு வீட்டின் முன்பக்கத்து அகலத்துக்கு, நுரையே இல்லை. தண்ணீர் சற்றுக் கறுப்பாக, சத்தமில்லாமல் கிடந்தது.

நான் அந்த இடத்தைக் காட்டினேன். கணவர் அல்ல, நவாஸ் அல்ல, நான். எங்கள் தோட்டத்து ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவள் நான். வெள்ளையாக நுரைத்தால் அடியில் பாறை, வழுக்கும். அமைதியாகக் கிடந்தால் மணல், இறங்கலாம். அந்த ஆற்றில் இந்தக் கணக்கு ஒருநாளும் பொய்த்ததில்லை. நூறு மீட்டர் தள்ளித் தோணியடியில் கணேசன் வலை பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை அவரிடம் கேட்டிருக்கலாம். தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

“அந்தா, நொரை இல்லாத எடத்துல நில்லு,” என்றேன். “முட்டிக்கு மேல போகக் கூடாது.”

டிலானி சொன்ன இடத்தில்தான் நின்றாள். முழங்காலளவுத் தண்ணீர்தான். அவள் காலடி மணல் கரைந்ததை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. இடுப்பளவு ஆனது. நான் வா என்றேன், அவள் திரும்பினாள், திரும்பியதும் கால் எட்டவில்லை. பிறகு அவள் தலை மட்டும் தெரிந்தது. அது எங்களை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அலை அடிக்கவில்லை, ஆர்ப்பாட்டம் எதுவுமில்லை. யாரோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதைப் போல் அமைதியாகப் போனாள்.

கணவர் பாய்ந்தார். நவாஸ் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து மணலில் தள்ளி மேலே விழுந்து அழுத்திக்கொண்டார். இருபத்தைந்து வருஷச் சிநேகிதரைக் கணவர் முகத்தில் அடித்தார். நவாஸ் விடவில்லை. பரீனா கத்திக்கொண்டே தோணியடிக்கு ஓடினாள்.

நான் டிலானியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். வா, வா, அம்மாக்கிட்ட வா என்று இரண்டு கையாலும் அழைத்தேன். அவள் என்னை நோக்கிக் கையை அடித்து அடித்து வரப் பார்த்தாள். அடிக்க அடிக்கத் தூரம் கூடியது. ஒரு தடவை முகம் உள்ளே போய் வெளியே வந்தது.

கணேசன் ஓடி வந்தார். கடலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“கூப்பிடாதீங்கம்மா. நீங்க கூப்பிட்டா அவ உங்களுக்கு நேராத்தான் வரப் பாப்பா, தண்ணியோட மல்லுக்கட்டிக் களைச்சிருவா. வராத, மல்லாந்து கிட எண்டு சொல்லுங்க. உங்கட குரலத்தான் அவ கேப்பா.”

சொல்லிவிட்டு அவர் டிலானி இருந்த பக்கம் போகவில்லை, தோணியை நோக்கித் திரும்பி ஓடினார். பிள்ளையைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன். அவரும் இன்னொரு மீனவரும், வெள்ளையாக நுரைத்த இடத்தில், நான் பயந்து ஒதுக்கிய அந்த இடத்தில், தோணியைத் தள்ளினார்கள்.

மூழ்குகிற பிள்ளையைப் பார்த்து வராதே என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? எனக்கும் வரவில்லை. முதல் தடவை காற்றுத்தான் வந்தது. இரண்டாம் தடவை வகுப்பில் கத்துகிற குரல் வந்தது.

“டிலானி, அம்மாக்கிட்ட வராத. மல்லாந்து படு. வானத்தப் பாரு.”

அவள் கையடிப்பதை நிறுத்தினாள். நிறுத்திய அந்த நொடியில் செத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு அவள் வயிறும் கால் விரல்களும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. அப்படியே கிடந்தாள், அப்படியே தூரம் போனாள். நான் திரும்பத் திரும்ப வராத, வராத என்று கத்தினேன். தோணி சுற்றிப் போய் அவளை எட்ட ஆறேழு நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் எனக்குத் தெரிந்த ஜெபம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

கணேசன் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் விட்டார். உப்புத் தண்ணீராக வாந்தியெடுத்தாள், பிறகு குளிருதும்மா என்றாள். நவாஸின் உதடு வீங்கியிருந்தது. கணவர் அவர் தோளில் முகம் வைத்து அழுதார். திருக்கோவில் ஆஸ்பத்திரியில் மதியம் வரை வைத்துப் பார்த்து, நெஞ்சில் தண்ணீர் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

மாலையில் கணேசன் எங்களைக் கரைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போகிற வாய்க்கால் அது. அதனால்தான் அங்கே நுரையில்லை. இந்த ஊரில் தவழ்கிற பிள்ளைக்கும் அது தெரியும் என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஞாயிறு, காலை 7.00

ஒருநாள் முழுதாக மிச்சமிருந்தும் காலையிலேயே புறப்பட்டோம். கணேசன் டிலானிக்கு ஒரு பொதி கருவாடு கொடுத்தார். வேனில் யாரும் பாட்டுப் போடவில்லை. டிலானி என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

அம்மா சொன்னது கேட்டதா என்று லாகுகலையில் மெதுவாகக் கேட்டேன். “ரெண்டும் கேட்டிச்சும்மா,” என்றாள். அங்கே நில் என்றதும், வராதே என்றதும். இரண்டையும் ஒரே நம்பிக்கையோடுதான் கேட்டிருக்கிறாள். ஒன்று அவளைக் கொல்லப் பார்த்தது, மற்றது காப்பாற்றியது. இரண்டும் என் வாயிலிருந்துதான் வந்தன.

பசறைக்கு மேலே, மலைக் காற்று அடிக்கத் தொடங்கிய இடத்தில், ஓர் ஆற்றோரம் முகம் கழுவ நிறுத்தினோம். தேயிலைக்கு நடுவே கணுக்காலளவுக்கு ஓடுகிற தண்ணீர். எங்கள் ஊர்த் தண்ணீர். இங்கே என் கணக்குத்தான் சரி. பாறைகளுக்கு நடுவே அமைதியாகக் கிடந்த இடத்தை நான் கையால் காட்டினேன்.

டிலானி இறங்கவில்லை. சற்றுத் தள்ளி ஒருவர் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், “அங்கிள், இதுல எறங்கலாங்களா?” என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அதன் பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.

பன்னிரண்டு வருஷமாக நான் காட்டிய இடத்தில் கால் வைத்த பிள்ளை. வலித்தது, ஆனாலும் அவள் கேட்டதுதான் சரி. இன்னும் நாலு பேரிடம் கேள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் தண்ணீருக்குள் நின்றாள்.