பகலில் ஊளையிட்ட நாய்

எங்கள் தெருவில் முப்பது வீடு, அதில் இருபத்திரண்டில் பவர்லூம் ஓடுகிறது. திருத்தணி பஸ் ஸ்டாண்டிலிருந்து பொதட்டூர்பேட்டை சாலையில் வந்தால், வழி கேட்க வேண்டாம், சத்தமே கூட்டிவந்து விட்டுவிடும். புதிதாக வருகிறவர்களுக்குத் தலை வலிக்கும். எங்களுக்கு அது நின்றால்தான் தலை வலிக்கும். அந்தச் சத்தத்துக்குள் ஒருவன் தன் பெண்டாட்டியை ஒன்றரை வருஷம் அடித்தான். தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு நாய்க்குத் தெரிந்தது. அந்த நாயைக் கல்லால் அடித்தவள் நான். என் பெயர் தேவயானி. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்.

அடி வாங்கியவள் யோகலட்சுமி. மணவூர்க்காரி. அப்பன் கூலி வேலைக்குப் போகிறவர். பத்தாவது முடித்ததும் தினமும் ரயிலேறி அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆறு வருஷம் போய்வந்தாள். மணவூர் ஸ்டேஷனுக்கு வெளியே பூரிக்கடை வாசலில் எச்சில் இலையை நக்கிக்கொண்டு கிடந்த பெட்டைக்குட்டி ஒன்று அவள் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. பூரி என்றே பெயர் வைத்தாள். கல்யாணமாகி எங்கள் பக்கத்து வீட்டுக்கு அவள் வந்தபோது கட்டில், பீரோ, மிக்சியோடு மினி லாரியிலிருந்து பூரியும் குதித்தது.

"சீர்வரிசைல நாயும் உண்டா?" என்று கேட்டேன்.

"அது இல்லன்னா எனக்குத் தூக்கம் வராதுக்கா" என்று சிரித்தாள்.

அவள் மனசு பூரிக்கு அத்துப்படி. அவளுக்குக் காய்ச்சல் வருகிற முந்தின நாளே வந்து காலடியில் படுத்துக்கொள்ளும். அம்மா ஞாபகம் வந்து இவள் சும்மா உட்கார்ந்திருந்தால், கண் கலங்குவதற்கு முன்பே மோவாயைக் கொண்டுவந்து மடியில் வைக்கும். சந்தோஷமாக இருந்தாளானால் வாசல் தெளிக்கும்போது கூடவே குதிக்கும், வாளித் தண்ணீர் அவள் மேலேயே கொட்டும். இதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது. பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

புருஷன் பிரேம்குமார் கூலிக்கு வீட்டிலேயே நான்கு தறி ஓட்டினான். குரல் உயர்த்திப் பேச மாட்டான். ஆடிக் கிருத்திகைக்கு வருஷம் தவறாமல் காவடி. எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, "வணக்கங்க்கா" என்பான். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆனால் பழமொழி எல்லாம் பிறகுதானே ஞாபகத்துக்கு வருகிறது.

அவள் நெற்றியில், தோளில், முழங்கையில் காயம் வரும். கேட்டால், "நாடா பட்டுச்சுக்கா" என்பாள். நாடா என்றால் நூலைச் சுமந்துகொண்டு தறியில் இப்படியும் அப்படியும் ஓடுகிற கட்டை. இரண்டு முனையிலும் இரும்புக்கூர். எப்போதாவது தறியை விட்டுப் பறக்கும். என் வீட்டுக்காரர் ஆனந்தனுக்கு முன்பல் போனதே அப்படித்தான். அதனால் தறிக்காரத் தெருவில் இந்தப் பதிலுக்கு மேல் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வேறு எந்த ஊரிலாவது ஒருத்தி ஒரே மாதத்தில் மூன்று காயத்தோடு வந்தால் சந்தேகப்பட்டிருப்பார்கள். நாங்கள் மஞ்சள் பற்றுப் போடச் சொன்னோம்.

அவள் சொன்னது பொய்கூட இல்லை. நாடாவால்தான் அவன் அடித்தான். தறி நான்கையும் ஓடவிட்டு, பூரியை வெளியே தள்ளி, தகரக் கதவைத் தாழிட்டுவிட்டு, கையில் எடுத்து அடித்தான். குழம்பில் உப்பு கூடினால் அடி. அவள் அம்மா போன் செய்தால் அடி. கரண்ட் இல்லாத நாளில் அவனைப் போல நல்லவன் கிடையாது.

கதவு மூடியதும் பூரி நடுத்தெருவுக்கு வந்து உட்காரும். உடம்பெல்லாம் நடுங்கும். தலையை மேலே தூக்கி ஊளையிடும்.

நாய் ஊளையிட்டால் சாவு விழும் என்று எங்களுக்குத் தெரியும். அதுவும் பட்டப்பகலில். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஊளையும் என் தாலியைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. எமன் என் வாசலைத் தேடி வருகிறான், இந்த நாய் அவனுக்கு வழி காட்டுகிறது என்று நினைத்தேன். கல்லை எடுத்து அடித்தேன். விலாவில் பட்டது. கத்தியது, எழுந்து நகர்ந்தது, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்து ஊளையிட்டது. இன்னொரு கல் காதைக் கிழித்தது. அப்போதும் போகவில்லை.

தெருவைத் திரட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். பிரேம்குமார் கை கட்டி நின்றான்.

"உங்க இஷ்டங்க்கா. எங்கனா கொண்டுபோய் வுட்டுடுங்க."

யோகலட்சுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாங்க்கா. இனிமே கத்தாம நான் பாத்துக்கறேன்."

"ஏன் கத்துது, அதச் சொல்லு."

என் தோளுக்குப் பின்னால் நின்ற புருஷனைப் பார்த்தாள். "தெரியலக்கா" என்றாள்.

பூரியை நான்தான் பிடித்தேன். பிஸ்கட்டை நீட்டினேன். கையை முகர்ந்து பார்த்து ஒரு அடி பின்னால் போனது. என் கைக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் நெடுநாள் சோறு போட்ட கை என்று கிட்டே வந்தது. கோணிக்குள் தள்ளி வாயைக் கட்டினேன். ஆட்டோவில் எடுத்துப்போய் ஆந்திரா எல்லை தாண்டி நகரிக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்தார்கள்.

பதினோரு நாள் தெரு நிம்மதியாக இருந்தது. அந்தப் பதினோரு நாளில்தான் அவன் அவள் இடது கை விரல் இரண்டை உடைத்தான். நான் மாவுக்கட்டைப் பார்த்து, "ஜாக்கிரதையா இருக்கக் கூடாதாடி?" என்று அவளையே திட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் பூரி வந்து நின்றது. பாதத்தில் தோல் இல்லை, விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. யோகலட்சுமி தெரு என்றும் பார்க்காமல் மண்ணில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டாள். அவள் விரல்கட்டை அது நக்கிக்கொண்டே இருந்தது. மறுபடி விரட்ட எனக்கே மனசு வரவில்லை.

அது வந்த மூன்றாம் நாள், காலை பத்து மணி இருக்கும். கதவு மூடியது. பூரி இந்த முறை நடுத்தெருவுக்கு வரவில்லை. தகரக் கதவை நகத்தால் பிறாண்டிக்கொண்டே ஊளையிட்டது. நான் கல்லை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். அந்த நேரம் கரண்ட் போனது.

எந்த அறிவிப்பும் கிடையாது. இருபத்திரண்டு வீட்டுத் தறியும் ஒரே நொடியில் நின்றன. அந்த அமைதியில் கட்டை எலும்பில் விழுகிற சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. பிறகு அவள் குரல்.

"தலைல வேணாங்க... தலைல வேணாங்க..."

தெரு முழுக்க வாசலில் நின்றது. சத்தம் நின்றுபோனதை அவன் உணர்ந்த பாடில்லை. வணக்கங்க்கா சொல்கிற அதே மெல்லிய குரலில், "கத்தாத, கத்தாத" என்று சொல்லிக்கொண்டே அடித்தான். ஒன்றரை வருஷமாக இந்த நாய் யாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

கல்லைப் போட்டுவிட்டு உலக்கையை எடுத்தேன். நாலு இடியில் தாழ்ப்பாள் பிய்ந்தது. எனக்கு முன்னால் பூரி உள்ளே பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கவ்வியது. அவன் மறுகையால் நாடாவை வாங்கி அதன் தாடையில் இறக்கினான். எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது. அப்படியும் விடவில்லை. அவள் தறிக்கடியில் சுருண்டு கிடந்தாள். நெய்த வெள்ளைத்துணியில் முக்கால் முழத்துக்கு ரத்தம். நான் உலக்கையை அவன் முழங்காலில் போட்டேன். விழுந்தவனை இன்னொரு முறையும் போட்டேன். மூன்றாவது முறை ஓங்கும்போது ஆனந்தன் என்னைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். பிடிக்காமல் இருந்திருந்தால் நானும் ஜெயிலுக்குப் போயிருப்பேன், அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

யோகலட்சுமிக்குத் தலையில் பதினான்கு தையல். அவன் மேல் கேஸ் ஆனது. அவள் என் வீட்டில் இருந்தாள். பூரியின் தாடை கோணலாகச் சேர்ந்தது. சோற்றைக் கரைத்து ஊற்றினால்தான் சாப்பிடும்.

இரண்டு மாதத்தில் ஜாமீனில் வந்தான். வந்தவன் நேராக மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் காயாத தலையோடு என் வீட்டுக்கு வந்தான். கூட அவன் அண்ணன் துளசிங்கம். பிரேம்குமார் கையில் தட்டு, பழம், பூ, பஞ்சாமிர்தம். முருகனுக்கே கோபம் தணிந்த மலை இது என்பதால்தான் ஊருக்குத் தணிகை என்று பேர். இங்கே ஒருவன் முடியைக் கொடுத்துவிட்டுச் சாமி மேல் சத்தியம் செய்தால், அதற்குமேல் பேச யாருக்கும் வாய் வராது.

"கோவத்த மலைலயே வுட்டுட்டு வந்துகிறான்மா. கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணிகிறான்" என்றார் துளசிங்கம்.

பிரேம்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இனிமே கைய ஓங்க மாட்டேன்" என்றான். நான் நம்பினேன். வெட்கக்கேடு, நம்பினேன். வெறும் மொட்டைத் தலையைப் பார்த்து என் மனசு இளகிவிட்டது.

துளசிங்கம் அவளிடம் கேட்டார். "பயமாக்கீதாம்மா?"

"இல்லீங்க பாவா."

"மனசார வர்றியா?"

"ஆங், வர்றேன்" என்றாள். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. சிரிக்கக்கூடச் செய்தாள். அவள் துணியைப் பைக்குள் எடுத்து வைக்க நானே எழுந்தேன்.

"வாடா பூரி" என்று பிரேம்குமார் செல்லமாகக் கூப்பிட்டு, பஞ்சாமிர்தம் தோய்ந்த விரலை நீட்டினான்.

அவள் நாற்காலிக்கடியில் இருந்த பூரி குரைக்கவில்லை. உறுமவில்லை. அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை. அண்ணாந்து யோகலட்சுமியின் முகத்தையே பார்த்தது. அதன் பின்னங்கால்கள் நடுங்கின. நின்ற இடத்திலேயே, அவள் பாதத்தின் மேலேயே, மூத்திரம் போனது. வீட்டுக்குள் ஒரு நாளும் அப்படிச் செய்யாத நாய்.

"ச்சீ, நாசமாப் போவ" என்று துளசிங்கம் காலைத் தூக்கிக்கொண்டார். நான் துடைக்கத் துணி தேடினேன்.

யோகலட்சுமி காலை நகர்த்தவில்லை. குனிந்து நாயைப் பார்த்தாள். அவள் தொடை நடுங்குவதை அப்போதுதான் நான் பார்த்தேன். நாயும் அவளும் ஒரே மாதிரி நடுங்கினார்கள்.

"அதுக்கு ஒண்ணும் இல்லக்கா. இதான் எனக்கு உள்ள ஆவுது. வாய்தான் வேற சொல்லுது" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "நான் வரல பாவா."

பிரேம்குமாரின் கையிலிருந்த தட்டு மெதுவாகச் சாய்ந்தது. நிமிர்த்தத் தோன்றாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வையில் மலையும் இல்லை, மொட்டையும் இல்லை.

துளசிங்கத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு நாயி ஒண்ணுக்குப் போச்சுன்னு தாலி கட்னவன வுட்டுடுவியா நீ?"

"ஆங், வுட்டுடுவேன்" என்றாள் யோகலட்சுமி.