ஒண்ணும் ஓடலைங்க

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, செந்துறை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போன் வந்தது. பெரம்பலூர் ஆபீஸிலிருந்து. டாக்டர் தமயந்தி காலமாகிவிட்டார். "எங்கம்மா போவணும்?" என்று கண்டக்டர் இரண்டு முறை கேட்டார். நான் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மனநல மருத்துவர். இளவயதில் வரும் மனச்சோர்வு ரத்தத்தில் என்ன தடம் விடுகிறது என்று ஆராய்ந்தவர். ஊர் ஊராகப் போய்க் கேள்வித்தாளைப் படித்துப் பதில் குறிக்கும் வேலைக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. முன்கோபக்காரர். ஐஸ் பெட்டியில் ரத்தக் குப்பி சாய்ந்திருந்தால் வாயில் வந்தபடி திட்டுவார். பத்து நிமிடத்தில் அவரே டீ வாங்கிக் கொடுப்பார்.

முதல் ஆய்வு செந்துறைப் பக்கம். "அடிக்கடி சோர்வாக இருக்கிறதா?" என்பதுதான் தாளின் முக்கியமான கேள்வி. அப்போது கடலை பறிக்கும் காலம். கடலைக் கொல்லையிலிருந்து நேரே வந்த பிள்ளைகள் ஒருவர் விடாமல் "ஆமாங்க" என்றார்கள். எனக்கு உறுத்தியது. நானும் அந்த ஊர்க்காரிதான். எங்களுக்குச் சோர்வு என்றால் உடம்பு அலுப்பு. படித்தவர்கள் எழுதியதில் நாம் ஏன் மூக்கை நுழைப்பது என்று பேசாமல் குறித்துக்கொண்டே போனேன். மனச்சோர்வுக்கும் ரத்தத்துக்கும் இங்கே தொடர்பில்லை என்று முடிவு வந்தது. வெளிநாட்டு இதழில் வெளியான அவருடைய முதல் கட்டுரை அது. ஆபீஸில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து, செல்வி என்ற பெண்ணை அவள் அம்மா கைத்தாங்கலாக அழைத்து வந்தார். பதினேழு வயது. சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை, எலும்பும் தோலுமாக இருந்தாள். எங்கள் ஆய்வில் இருந்தவள்தான். சோர்வு இல்லை என்று நானே குறித்திருந்தேன். அவள் ரத்தத்தில் மட்டும் நாங்கள் தேடிய பொருளின் அளவு எகிறியிருந்தது; கருவிக் கோளாறு என்று விட்டிருந்தோம்.

"சோர்வு இல்லன்னு சொன்னியேம்மா?" என்றார் டாக்டர்.

"நான்தான் வேலைக்கே போவலையே, அப்புறம் எப்புடிங்க சோர்வு வரும்? எனக்கு ஒண்ணும் ஓடலைங்க. அவ்வளவுதான்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சரோஜா, இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க. நீங்க டாக்டரு, நான் போயி எப்புடி..."

"டாக்டருக்குத் தமிழ் தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே!" என்று கத்தினார். அன்று டீ வரவில்லை.

செல்வி சில மாதங்களில் தேறினாள். டாக்டர் அதற்கு முன்பே கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதிவிட்டார். மறுமாதம் திருச்சியில் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல் இருந்தது. "விடுங்க மேடம், செந்துறையில யாரு இதப் படிக்கப்போறா?" என்றார் ஒரு நண்பர். "அங்க யாரும் படிக்கமாட்டாங்கங்கிற தைரியத்துலதானே இப்படி எழுதியிருக்கேன்" என்றார் அவர். பதவி கிடைக்கவில்லை. வருத்தமில்லை என்று நடிக்கவும் இல்லை.

பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை "ஒண்ணும் ஓடலையா?" என்பதுதான் முதல் கேள்வி. நான்கு வருடம் அலைந்தோம். ரத்தமும் பதிலும் ஒத்துப்போயின. அந்தக் கட்டுரையில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரும் இருக்கிறது. ஆபீஸில் யாரைப் பார்த்தாலும் "ஓடுதா?" என்று விசாரிப்பது அவர் வழக்கமாயிற்று, பிறகு எங்கள் எல்லோருக்கும் அதுவே பழகிவிட்டது.

மொத்தம் ஒன்பது கட்டுரைகள். இவ்வளவுதானா என்பவர்கள் உண்டு. பட்டியல் கேட்டால், திரும்பப் பெற்றதைத்தான் முதலில் எழுதிக் கொடுப்பார். எதிரே "தவறு என்னுடையது" என்றிருக்கும். அதில் பாதி என்னுடையது. அதை அவர் எங்கேயும் எழுதவில்லை.

அஞ்சலிக்கு ஒட்டியிருந்த தாளில் எட்டுதான் இருந்தன. மரியாதை கருதி முதலாவதை விட்டுவிட்டார்களாம். பேனா வாங்கி, மேலே நானே எழுதினேன். எதிரே "தவறு எங்களுடையது" என்று போட்டேன்.

ஜெயங்கொண்டத்தில் தையல் கடை வைத்திருக்கும் செல்வி வந்திருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, ஓடுதா?" என்றாள்.

"இல்ல செல்வி. ஒண்ணும் ஓடல."

டாக்டர், இந்தத் தடவை தெரிஞ்சும் சொல்லாம இருக்கல. போயிட்டு வாங்க.