வலது கை, இடது காது, ஒன்றே கால் அங்குலம்

எங்கள் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மூன்றாவது முறையாகப் போன நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. எழுபதுகளின் நடுப்பகுதி, ஆனி மாதம், மேல்காற்று மணலை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது மணி ஒன்பது இருபது. எனக்குக் கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை. எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு நங்கூரம் போட்டது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதிவைப்பதுதான் பிழைப்பு. அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மகளுக்கு முதல் பல் முளைத்தது, நாலேகால் வயதில் முதல் அடி எடுத்துவைத்தது, எல்லாம் கிழமையோடும் மணியோடும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன.

அவளுக்கு வலது கையிலும் வலது காலிலும் பலம் குறைவு. பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் வந்தது என்று டாக்டர் சொன்னார். காலை இழுத்துத்தான் நடப்பாள். பேச்சு நிதானமாக வரும், ஆனால் வந்தே தீரும். எங்கள் தெருவில் அவளிடம் வாயைக் கொடுத்துவிட்டுத் தப்பித்துப் போனவர் யாரும் இல்லை.

ஒன்றாம் வகுப்பில் சேர ஒரு பரீட்சை இருந்தது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். தொடாவிட்டால் அடுத்த வருஷம். முதல் வருஷம் நான் பிறப்புச் சான்றிதழை நீட்டினேன். தலைமையாசிரியர் அதைப் பிரிக்கவே இல்லை.

“தம்பி, பேப்பர்ல ஆயிரம் எழுதலாம். காது பொய் சொல்லாது” என்றார்.

இரண்டாம் வருஷமும் அதே பதில். கூடவே ஒரு புது எச்சரிக்கை: அடுத்த தடவையும் எட்டவில்லை என்றால் வயது கூடிப்போகும், ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்க முடியாது. அந்தச் செவ்வாய்க்கிழமையை விட்டால் எங்களுக்கு வேறு கிழமை கிடையாது.

அதனால் நாற்பத்தொரு நாள் பயிற்சி நடந்தது. காலையில் என் மனைவி எண்ணெய் தேய்த்து அந்தக் கையை மெதுவாக நீவிவிடுவாள். மாலையில் நான் தையற்காரரின் அங்குல நாடாவால் விரல் நுனிக்கும் காதுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்து சுவரில் பென்சிலால் குறிப்பேன். தொடங்கும்போது நாலு அங்குலம். இருபதாம் நாள் இரண்டரை. முப்பத்தெட்டாம் நாள் ஒன்றே கால். அதற்குப் பிறகு நூலளவும் நகரவில்லை. கை வரவில்லை என்றால் காது போகட்டும் என்று மகள் தலையைக் கையின் பக்கம் சாய்த்துப் பார்ப்பாள். “அது கள்ளத்தனம்லா” என்று அவள் அம்மா சிரிப்பாள். எனக்கும் சிரிப்பு வரும். சிரித்துக்கொண்டே ஒன்றே கால் என்று எழுதுவேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் எங்களுக்கு முன்னால் ஒரு மளிகைக் கடைக்காரர் தன் மகளோடு நின்றார். அந்தப் பெண் கையை வீசிக் காதைப் பிடித்தாள், பதிவேட்டில் ஏறினாள். அடுத்து எங்கள் முறை. மேசைக்குப் பின்னால் தலைமையாசிரியர், பக்கத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர்.

“தொடு பாப்போம்” என்றார் தலைமையாசிரியர்.

மகள் கையைத் தூக்கினாள். நெற்றி தாண்டியது, உச்சி தாண்டியது, நின்றுவிட்டது. தலை மெல்லச் சாய்ந்தது.

“தலைய நேரா வையி பிள்ள.”

தலை நிமிர்ந்தது. மறுபடி ஒன்றே கால் அங்குலம். நாடா இல்லாமலே எனக்குத் தெரிந்தது. மனைவி என் சட்டையின் பின்பக்கத்தைக் கசக்கிப் பிடித்திருந்தாள்.

“நான் என்ன செய்ய, தம்பி?” என்று அவர் பேனாவை மூடப் போனார்.

அப்போதுதான் மகள், ஒவ்வொரு சொல்லாக, “சார்… தொடட்டும்… பாப்போம்” என்றாள்.

டீச்சர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைமையாசிரியருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “ஏளா, எனக்கா பரீட்சை வைக்க? இந்தா பாரு” என்று கையைத் தூக்கினார். தோளுக்கு மேலே போகவில்லை. “அம்மா!” என்று ஒரு சத்தம். ஆறு மாதமாகத் தோள்பட்டை இறுகிப்போய்க் கிடக்கிறதாம், சட்டை போடவே வீட்டில் ஆள் வேண்டுமாம்.

“அப்ப சாருக்கு அடுத்த வருஷம்தான்” என்றாள் என் மனைவி. இதைச் சொன்னது நானாக இருந்திருந்தால் எங்களை வெளியே அனுப்பியிருப்பார்கள்.

போகாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மளிகைக் கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. “இது ஒரு காரியமா சார்?” என்று முன்னால் வந்தார். பருத்த கை தலையைச் சுற்றி வளைத்தது. விரல் முடியைத்தான் பிடித்தது. அவருடைய மகள் கத்தினாள்: “எப்பா, நீங்க பெயிலு!”

“போடி, சட்டை இறுக்கமா இருக்கு.”

டீச்சர் தொட்டார். வராந்தாவில் நின்ற எல்லோரும் கை தட்டினார்கள். வரிசையில் பெரியவர், சிறியவர் அத்தனை பேரும் தலைக்கு மேல் கையை வளைத்துக்கொண்டு நின்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தவருக்குப் பள்ளிக்கூடமே தலை அரிப்பில் தவிப்பதாகத் தோன்றியிருக்கும். மகள் சிரித்துச் சிரித்து மேசைக் காலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, யாரும் கேட்காமலே, இடது கையைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டு வலது காதைப் பிடித்தாள். பிடித்ததோடு விடாமல் இழுத்தும் காட்டினாள்.

தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். “போதும் தாயி. தொட்டாள்னு எழுதிருதேன்.”

இங்கேதான் நான் வாயைத் திறந்தேன்.

“அப்படி எழுதாதீங்க, சார். வலது கை தொடல. ஒன்றே கால் அங்குலம் பாக்கி இருக்கு.”

மனைவி என் முதுகில் கிள்ளினாள். நாலு நாள் அந்த இடம் சிவந்திருந்தது. “இவங்களுக்குக் கிறுக்கு, சார். நீங்க எழுதுங்க” என்றாள்.

தலைமையாசிரியர் என்னையே பார்த்தார். “உம்ம பிள்ளைக்குத்தானய்யா எழுதுதேன்?”

“அதனாலதான் சார். தொட்டாள்னு எழுதினா கை நல்லாருக்குன்னு ஆயிரும். நாளைக்கு டீச்சர் சிலேட்டுக் குச்சிய வலது கையில குடுப்பாங்க. அவளால பிடிக்க முடியாது. நல்ல கைய வச்சுக்கிட்டு சோம்பேறித்தனம் பண்ணுதாள்னு அடி விழும். ரெண்டு வருஷம் இங்க நடையா நடந்தது அடி வாங்கவா?”

சிரிப்பு ஒருமாதிரி ஓய்ந்தது.

“இடது கையால எழுத நான் யாரையும் விட்டதில்ல” என்றார் அவர், மெதுவாக.

“தெரியும், சார்.”

“வேற என்னதான் எழுதச் சொல்லுதீரு?”

“நடந்தத எழுதுங்க. இடது கையால தொட்டாள். இடது கையால எழுதுவாள்.”

மகள் இன்னும் காதை விடவில்லை. அவர் அவளைப் பார்த்தார், பிறகு தூக்க முடியாத தன் தோளைத் தடவினார். பதிவேட்டில் கடைசிக் கட்டத்துக்குக் குறிப்பு என்று தலைப்பு. அந்தப் பக்கம் முழுவதும் அது காலியாக இருந்தது. அதில் எழுதினார், நான் சொன்ன இரண்டு வாக்கியங்களையும், ஒரு எழுத்து விடாமல். பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

“சார், மணி பத்து அம்பது. அதையும்…”

“அட, போய்யா!”

போனோம். சைக்கிளின் முன் கம்பியில் மகள், பின்னால் மனைவி. எதிரே உப்பு வண்டி ஓட்டி வந்தவரிடம் மகள் தன் காதைப் பிடித்துக் காட்டினாள். அவர் ஏதோ மன்னிப்புக் கேட்கிறாள் என்று நினைத்து, “பரவால்ல தாயி” என்றார். வீடு வரும்வரை நாங்கள் மூவரும் சிரித்ததில் சைக்கிள் இரண்டு முறை மண்ணில் இறங்கியது. வீட்டில் மனைவி அங்குல நாடாவை எடுத்து, “எங்க, நீங்க தொடுங்க” என்றாள். நாற்பத்தொரு நாள் மகளை அளந்தவன் என்னை ஒரு நாளும் அளந்து பார்க்கவில்லை. அரை அங்குலம் குறைந்தது. அதையும் குறித்துவைத்தேன்.

மறுநாள் புதன்கிழமை முதல் வகுப்பு. வாசலில் விட்டுவிட்டு அலுவலகம் போக வேண்டியவன், ஜன்னலோரம் நின்றேன். டீச்சர் வரிசையாக வந்து, பழக்க தோஷத்தில், அவள் வலது கையிலேயே குச்சியை வைத்தார். குச்சி கீழே விழுந்தது. மகள் பதறவில்லை. குனிந்து இடது கையால் எடுத்தாள். அந்தக் குச்சியாலேயே தலைமையாசிரியர் அறைப் பக்கம் நீட்டிக் காட்டினாள்.

“அங்கன… எழுதிருக்கு, டீச்சர்.”