தமிழில் இட்ட கட்டளை

ஏழுமலையை முன்னால் போகச் சொன்னவன் நான்தான். சொல்லிவிட்டு, 'நில் என்றேன், அவன் கேட்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். அதற்காக எனக்குப் பதக்கம் கொடுத்தார்கள்.

இதை எழுதுவது கடினமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. சந்தைக்குச் சாமான் பட்டியல் எழுதுவது போலத்தான் எழுதுகிறேன். எட்டு ஆண்டுகளில் உள்ளே எல்லாம் மரத்துப் போயிருக்கிறது. இதற்காக என்மீது நீங்கள் இரக்கப்பட வேண்டாம்.

என்னைப் புதுச்சேரியில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நவம்பர் மாதத்தில் ஒரு காலை, கடற்கரை நினைவுச் சின்னத்தின் முன்னால், போரில் மாண்டவர்களுக்கு மலர்வளையம் வைப்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பழைய சொல்தாக்கள் பெட்டியில் மடித்து வைத்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வரிசையாக நடப்பார்கள். அந்த வரிசைக்கு நாலடி முன்னால், தனியாக, மார்பில் பதக்கத்தோடு ஒருவன் நடப்பான். அது நான். மாண்டவர்களின் பெயர்களை வாசிப்பவனும் நான். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் எல்லோரும் சேர்ந்து, 'பிரான்சுக்காக மாண்டான்' என்று பிரெஞ்சில் முழங்குவார்கள். ஏழுமலையின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. கட்டளையை மீறிச் செத்தவனுக்கு அதில் இடம் கிடையாது...

பட்டாளத்தில் நான் லெப்டினன்ட். எங்கள் ஊர்ச் சொல்தாக்கள் வாயில் 'லெத்னான்'. இந்தோசீனாவில் என்னையும் சேர்த்து முப்பது பேர், நான் தலைவன். பிரெஞ்சுக்காரர்கள், மொரோக்கர்கள், அந்த நாட்டு ஆட்கள் என்று கலந்து கட்டிய கூட்டம். தமிழர்கள் இரண்டே பேர். நானும், எனக்குக் கீழே கொர்ப்பொரால் பதவியில் இருந்த ஏழுமலையும். என் குடும்பம் மூன்று தலைமுறையாக மாதா கோயில், பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், அரசாங்க உத்தியோகம். அவன் உப்பளத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் வலை இழுத்தவன். ஊரில் இருந்திருந்தால் நாங்கள் இருவரும் ஒரு பேச்சுக்கூடப் பேசியிருக்க மாட்டோம்!

கட்டளைகளை நான் பிரெஞ்சில்தான் கொடுப்பேன். முப்பது பேருக்கும் புரிய வேண்டுமே! அவனும் பிரெஞ்சில்தான் பதில் சொல்லுவான். தமிழ் எங்களுக்குச் சாப்பாட்டு நேரத்து மொழி.

"லெத்னான், இது என்னா மீனு, மண்ணு மாதிரி கீது! நம்மூரு சங்கரா ஒண்ணு கெடைச்சா போதும், இந்தச் சண்டையை நானே முடிச்சுக் குடுத்துடறேன்."

இப்படித்தான் பேசுவான். நான் சிரிப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தப்பிக்கப் பார்க்கிறேன் என்று எண்ணாதீர்கள். எட்டு மாதம் நான் உண்மையாகவே முன்னால் நடந்தேன். அதிகாரி முதலில் எழ வேண்டும், கையை உயர்த்த வேண்டும், நடக்க வேண்டும். மற்றவர்கள் அவன் முதுகைப் பார்த்து வருவார்கள். எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். எட்டு மாதம் என் முதுகைப் பார்த்து அவர்கள் வந்தார்கள். ஒரு நாள்கூடப் பயப்படவில்லை. அது தைரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்து நான்காம் ஆண்டு. போர் முடியச் சில மாதங்களே இருந்தன. பத்து மணி வெயில். ஒரு வயல்வரப்புக்குப் பின்னால் முப்பது பேரும் குப்புறக் கிடந்தோம். எதிரே அறுவடை முடிந்த வயல், அதற்கப்பால் மூங்கில் புதர், அதற்குள் ஒரு துப்பாக்கி. வயலைத் தாண்டி ஊரைப் பிடிக்க வேண்டும் என்று கேப்டனிடமிருந்து உத்தரவு வந்தது. நான் எழ வேண்டும். அவ்வளவுதான்... எழ வேண்டும்.

எழவில்லை.

ஏன்? எட்டு ஆண்டுகளாக என்னை நானே கேட்கிறேன். முந்தின நாள் யாரும் சாகவில்லை. கெட்ட கனவு ஏதும் இல்லை. வீட்டிலிருந்து கடிதம்கூட வரவில்லை. கால் இரண்டும் யாருடையவோ போல மண்ணில் கிடந்தன. முதுகுக்குப் பின்னால் இருபத்தெட்டு பேர் காத்திருப்பது தெரிந்தது. பக்கத்தில் ஏழுமலை கிடந்தான்.

"ஏழுமலை, நீ முன்னாடி போ. நான் பின்னாடியே வரேன்."

தமிழில் சொன்னேன்! ஏன் தமிழில்? மற்றவர்களுக்குப் புரியக்கூடாது என்று திட்டமிட்டா சொன்னேன்? இல்லை என்று சத்தியம் செய்ய மனம் துடிக்கிறது. ஆனால், பிரெஞ்சில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. என் பயத்தைப் பார்த்த ஒரே மனிதன் அவன். கேலி செய்யவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை.

"சரிங்க" என்றான்.

பிரெஞ்சுக் கட்டளைக்குப் பிரெஞ்சில் பதில் சொல்லுகிறவன், தமிழ்க் கட்டளைக்குத் தமிழில் பதில் சொன்னான். எழுந்தான். நான் உயர்த்த வேண்டிய கையை அவன் உயர்த்தினான். பதினொரு அடி நடந்தான். வேண்டாம் என்றாலும் கண் எண்ணிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டாவது அடி வைக்கவில்லை.

அவன் விழுந்ததைப் பார்த்ததும் மற்றவர்கள் வெறிகொண்டு எழுந்து ஓடினார்கள். நானும் ஓடினேன். இப்போது கால் வந்தது! ஊரைப் பிடித்தோம். கேப்டன் வந்தபோது மூங்கில் புதரைத் தாண்டி முதலில் நின்றுகொண்டிருந்தவன் நான். அதைத்தான் அவர் பார்த்தார்.

"கொர்ப்பொரால் ஏன் தனியாக முன்னால் போனான்?" என்று கேட்டார்.

என் சார்ஜென்ட், நேர்மையான பிரெஞ்சுக்காரன், கண்டதைச் சொன்னான். "லெப்டினன்ட் அவனிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அவன் எழுந்து போனான்."

கேப்டன் என்னைப் பார்த்தார். "என்ன சொன்னாய்?"

முப்பது பேரில் அந்த மொழி தெரிந்தவன் இன்னொருவன்தான். அவன் வயலில் கிடந்தான்.

"நில் என்று சொன்னேன்."

இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. வரப்புக்குப் பின்னால் அசையாத என் உடம்பு, இந்தப் பொய்க்கு எவ்வளவு வேகமாக அசைந்தது! கேப்டன் தலையை ஆட்டினார். அன்று மாலையே அறிக்கை எழுதப்பட்டது. லெப்டினன்ட் தன் ஆட்களை முன்னின்று நடத்தினார். கொர்ப்பொரால் கட்டளையை மீறினான். கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அழகானது, பள்ளிக்கூடத்தில் அதற்குப் பரிசு வாங்கியிருக்கிறேன்.

மறு ஆண்டு ஊருக்குத் திரும்பினேன். பிரெஞ்சுக் கொடி போய் இந்தியக் கொடி ஏறியிருந்தது. வந்த பத்தாம் நாள் ஏழுமலையின் மனைவி செங்கேணி என் வீட்டு வாசலில் நின்றாள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவள். காலை வியாபாரம் முடித்துக் கூடையோடு வந்திருந்தாள்.

"முசே, ஆர்டரை மீறிட்டாருன்னு காயிதம் வந்துக்குது. எங்க ஊட்டுக்காரு அப்படிப்பட்ட ஆளே கெடையாது. ஒருத்தர் ஒண்ணு சொன்னா ஏன்னு கேக்காத மனுஷன். அதுக்காகவே நான் அவரைத் திட்டியிருக்கேன். நீங்கதான் கூட இருந்தீங்க. ஒரு மனு எழுதிக் குடுங்க. அவரு பேரையும் கடக்கரையில படிக்கணும்."

எழுதிக் கொடுத்தேன். என்னை விட்டால் அவளுக்குப் பிரெஞ்சில் எழுத வேறு யார்? அவள் சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் எழுதினேன். என் சொல்லை மட்டும் எழுதவில்லை.

பிரான்சிலிருந்து பதில் வந்தது. அதையும் என்னிடமே கொண்டுவந்தாள். லெப்டினன்ட் கொடுத்த அறிக்கையின்படி கோரிக்கையை ஏற்க இயலவில்லை என்றிருந்தது. அதன் கீழே ஒரு வரி. அந்த அதிகாரியே புதிதாக ஒரு வாக்குமூலம் கொடுத்தால் மறுபடி பரிசீலிக்கப்படும்...

அந்த வரியை நான் படித்துக் காட்டவில்லை.

"முடியாதுன்னு எழுதியிருக்காங்க" என்றேன்.

அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. இரண்டும் தெரிந்த நான் நடுவில் உட்கார்ந்து அந்த வரியைத் தின்றுகொண்டிருந்தேன்.

ஆண்டுதோறும் வந்தாள். ஆண்டுதோறும் எழுதினேன். ஒவ்வொரு பதிலிலும் அந்த வரி இருந்தது. ஒவ்வொரு நவம்பரிலும் பெயர்களை வாசித்தேன். கூட்டத்தின் ஓரத்தில், மீன் நீர் காயாத சேலையோடு நின்று, இந்த முறையாவது வருமா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாவசங்கீர்த்தனத்துக்கு மாதம் ஒருமுறை போகிறேன். சாமியாரிடம் கோபப்பட்டதைச் சொல்லுவேன், பூசைக்குத் தாமதமாக வந்ததைச் சொல்லுவேன். இதைச் சொன்னதில்லை. சொன்னால் மன்னித்துவிடுவார். அப்புறம் நான் அவளிடம் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த ஆண்டு, அறுபத்திரண்டில், இரண்டு அரசாங்கங்களுக்கும் நடுவே புதுச்சேரியை ஒப்படைக்கும் கடைசிக் காகிதமும் கைமாறியது. அக்டோபரில் செங்கேணி வந்தாள். நான் வழக்கம்போலத் தாளையும் மைக்கூட்டையும் எடுத்து வைத்தேன்.

"வேணாம் முசே, எழுதாதீங்க. போதும். இனிமே யாருக்குன்னு எழுதறது? ஏழு வருஷமா உங்களையும் தொந்தரவு பண்ணிட்டேன்." கூடையை இறக்கி வைத்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கோச்சுக்காதீங்க."

கேள் என்றேன். வந்துவிட்டது என்று நினைத்தேன். நிம்மதியாகக்கூட இருந்தது! அவள் கேட்டுவிட்டால் சொல்லிவிடுவேன் என்று நினைத்தேன்.

"அம்மாம் தூரத்துல, பாஷை தெரியாத சனங்க நடுவுல கெடந்து செத்தாரே... கடைசியா அவரு காதுல ஒரு தமிழ்ப் பேச்சாவது உழுந்துச்சா, முசே?"

மைக்கூட்டை மூடி வைத்தேன்.

"விழுந்தது" என்றேன். "நான் அவனிடம் பேசினேன். தமிழில்தான் பேசினேன்."

ஏழு ஆண்டுகளில் நான் அவளிடம் சொன்ன ஒரே உண்மை அது.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு என் வலது கையைப் பிடித்து இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள். "இது போதும் முசே. இனிமே நான் தூங்குவேன். நீங்க நல்லா இருக்கணும்." கூடையிலிருந்து இரண்டு சங்கரா மீனை எடுத்து இலையில் வைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

என்ன பேசினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்? இதை எழுதத் தொடங்கியதிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். சொல்லியிருப்பேன் என்று உங்களை நம்பவைக்க எனக்கு ஆசை. ஆனால், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதே என் நாக்கில் ஒரு சொல் தயாராக இருந்தது. 'நில்' என்ற அதே சொல்.

அடுத்த வாரம் மலர்வளையம் வைக்கும் நாள். கோட்டை வெயிலில் போட்டிருக்கிறேன். வரிசைக்கு நாலடி முன்னால் நான்தான் நடக்க வேண்டும்.