வரிக்கு ஒரே ரேட்

கையால் சுற்றும் கணக்கு மிஷினை வைத்துக் கூலிக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது பாவப்பட்ட தொழில்: நமக்குப் புரியாத கணக்குக்கும் விலையை நாமே சொல்லவேண்டும். எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகம் பக்கம் அப்படிக் கடை போட்டு, வாயை விட்டு மாட்டியவன் நான். உங்களுக்கும் நடந்திருந்தால் கூச்சப்படாமல் படியுங்கள்.

அரை வகைக்கெழு

சாமுவேல் சார் கணக்குப் பேராசிரியர், நாசரேத்துக்காரர். உப்புப் பாத்திக் களிமண் வெயிலை எப்படி உள்ளே இழுக்கிறது என்று ஒரு சமன்பாடு கொண்டுவந்தார். ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்வது வகைக்கெழுவாம்; அது ஒன்று, இரண்டு என்று முழுசாகத்தான் வருமாம், இதில் அரை. "முழுசா ஒண்ணு வைக்க வசதி இல்லையா சார்?" என்றேன். சிரிக்கவில்லை. நேரத்தைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு வரி விடை போடவேண்டுமாம். வரிக்கு ஒரு ரேட் சொன்னேன். பேரமே பேசாமல் தலையாட்டினார். அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். படி இறங்கும்போது திரும்பிக் கேட்டார்: "மொத வரிக்கும் கடைசி வரிக்கும் ஒரே ரேட்தான? பெறகு மாத்தக்கூடாது அண்ணாச்சி."

ரெஜினாவின் தோள்பட்டை

மிஷின் சுற்றத் தெரிந்தவள் கடையில் ரெஜினா ஒருத்திதான். அவள் போனால் கடையைப் பூட்டவேண்டியதுதான். சாதாரணச் சமன்பாட்டில் அடுத்த வரிக்கு முந்தின வரி போதும். இந்த அரைச் சனியனுக்கு மேலே உள்ள எல்லா வரியும் வேண்டும். ஒவ்வொன்றையும் அதற்குரிய எடை என்கிற ஒரு எண்ணால் பெருக்கிக் கூட்டவேண்டும். பக்கம் நிறைய நிறைய, ஒரு வரிக்கே ஒரு காலைப்பொழுது போனது. "ஏளா, தூங்குதியா?" என்று கத்தினேன். கைப்பிடியை விட்டாள்.

"எதுத்தாப்புல கப்பல் ஏஜென்ட் ஆபீஸ்ல கரண்ட் மிஷின் வச்சுட்டு என்னியக் கூப்பிடுதாவ. இந்தக் கணக்கச் சுருக்கிட்டு வாங்க, இல்லன்னா திங்கக்கிழமை அங்கதான் இருப்பேன்."

பழசுக்குப் பேரம்

சார் வீட்டுக்கு ஓடினேன். "என்னைக்கோ அடிச்ச வெயிலுக்கு இன்னைக்கு என்ன சார் வேலை? பழசை வெட்டுங்க. கடைசிப் பத்து வரி போதும்." வெட்டிப் போட்டே காட்டினார்: அந்தத் தப்பு விடையில் களிமண் வெயிலைக் குடித்துக்கொண்டே இருந்தது, வயிறு நிறையவே இல்லை. பழசு ஒவ்வொன்றின் எடையும் கொஞ்சம்தான், ஆனால் கூட்டம் பெரிது என்றார்.

துறைமுக ஏலத்தில் உதிரிச் சாமானை ஒரே லாட்டாக, மொத்தமாகத் தள்ளிப் பழகிய ஆள் நான். "அப்போ புதுசைத் தனித்தனியா எடுங்க, பழசைக் கட்டுக்கட்டாச் சேத்து, கட்டுக்கு ஒரு எடை போடுங்க" என்று இரைந்தேன். அது ஓரளவு சரிவரும் என்று அவருக்கு முன்பே தெரியுமாம். "வரிக்கு ஒரே ரேட்டுன்னு சொல்லிட்டியளே, எனக்கு என்ன அவசரம்?"

கடைக்கு வந்து ரெஜினாவிடம் சொன்னேன். ஒரு வரி அந்த மாதிரி சுற்றிப் பார்த்தாள். தோளைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "சரி, இருக்கேன். ஆனா இனிமே வாற கணக்கப் பாத்து நான் ரேட் சொல்லுதேன். நீங்க வாசல்ல நின்னு சண்டை போடுங்க."

சொந்தக் கடையிலேயே எனக்குக் கிடைத்த அந்த உத்தியோகத்தில் இன்றுவரை நான் ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.