எதுக்குக் கேக்கிற?

சுநந்தா அக்கா காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் தேவிகாபுரம் குப்புசாமி. பள்ளி நூலகத்தில் புதிதாக வந்த புத்தகங்களுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தேன். செல்போனில் அவர் பெயரைப் பார்த்ததும், எங்கேயோ ஒரு பழைய காசு கிடைத்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எடுத்தேன்.

“மேடம், அக்கா போய்ட்டாங்க,” என்றார். பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “காலைல காபி குடிச்சிகினே பேப்பர் பாத்துகினு இருந்தாங்களாம். அவங்க தம்பி சம்சாரம் டம்ளர எடுக்கப் போனா, தலை சாஞ்சிருக்குது.” பிறகு யாரிடமோ, “கொஞ்சம் நிறுத்தேன்,” என்றார். தறி நின்றது.

ஆரணியில் அக்காவின் போட்டோ ஸ்டூடியோவில் கூடிய நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களுக்கு வந்துபோன உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் நம்முடைய இந்தச் சிறு இதழைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் நாணயம் சேர்க்க இப்போதுதான் தொடங்கியவர்கள். அக்காவின் நேரமெல்லாம் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் போனது. அதனால் அவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

அப்பா விட்டுப்போன ஸ்டூடியோவை அக்கா தனியாகவே நடத்திவந்தார். பெண் பார்க்க அனுப்பும் படம் என்றால் ஊரில் எல்லோரும் அங்கேதான் போவார்கள். ஞாயிறு மதியம் ஸ்டூடியோவுக்கு விடுமுறை. அன்னங்கள் நீந்தும் ஏரி வரைந்த திரைக்கு முன்னால் நாற்காலிகளைப் போட்டு நாங்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருப்போம். நெகட்டிவ் பார்க்கிற லென்ஸ்தான் எங்களுக்குக் காசு பார்க்கிற லென்ஸ். அக்கா சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். எனவே வெயில் இறங்கத் தொடங்கியதும் கூட்டம் முடிந்துவிடும். எவ்வளவு சுவாரசியமான காசு மேசைமேல் இருந்தாலும் சரி, எழுந்துவிடுவார்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு முப்பது வயது இருக்கும்போது, அவரிடம் முதன்முதலாகப் போனேன். என் அப்பா இறந்தபின் அவருடைய பெட்டியில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய செப்புக் காசுகள் கிடைத்தன. கறுத்துப்போய், பார்க்கவே சகிக்காமல் இருந்தன. ஒரு பெரியவரிடம் அழுக்காகக் கொண்டுபோகக் கூடாது என்று, புளி போட்டுத் தேய்த்து, கார்த்திகைக்கு விளக்கு துலக்குவதுபோலப் பளபளவென்று துலக்கி எடுத்துப் போனேன்.

அக்கா டப்பாவைத் திறந்து பார்த்தார். மூடினார். “எதுக்குக் கேக்கிற?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் இன்னும் எதையும் கேட்கவே இல்லை. “இது என்ன காசுன்னு தெரிஞ்சிக்கணும்.”

“தெரிஞ்சிகினு? வச்சுக்கவா, விக்கவா? இல்ல, இதே மாதிரி இன்னும் வாங்கவா?”

“வச்சுக்கத்தான். எங்கப்பாவுது,” என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

“அப்ப நிதானமா பாக்கலாம், உக்காரு.” ஒரு காசை எடுத்து சன்னல் பக்கம் திருப்பினார். “வீட்ல பாத்திரம் நல்லா தேய்ப்ப போலிருக்குது.”

பக்கத்தில் இருந்த ஜரிகைக் கடை மன்சூர் பாய் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. “இந்தக் கறுப்பு அழுக்கு இல்லம்மா. அது காசோட தோலு. தேய்ச்சா திரும்ப வராது. இனிமே தேய்க்காத, வீட்ல மீதி இருந்தா அத அப்படியே வை,” என்றார். நான் தேய்த்ததில் எத்தனை காசுகளின் மதிப்பு போனது என்று கேட்டேன். “நீ விக்கப் போறதில்லன்னு சொன்னியே. அப்புறம் இன்னாத்துக்கு அந்தக் கணக்கு?” என்றார்.

அந்தக் கேள்வி ஏன் என்று எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின. வருகிறவர் யாராக இருந்தாலும் காசைப் பார்ப்பதற்கு முன் அதைக் கேட்பார். விற்க வந்தவர் என்றால், “மூணு பேர்கிட்ட காட்டு. நான் சொல்றத மட்டும் நம்பி விக்காத,” என்பார். வாங்கப் போகிறவர் என்றால், “இன்னிக்கி வாங்காத. நல்ல காசா இருந்தா நாளைக்கும் நல்ல காசாத்தான் இருக்கும்,” என்பார். வைத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் காசின் கதையைச் சொல்வார். ஒரே காசை மூன்று பேர் கொண்டுவந்தால் மூன்று பேருக்கும் வேறு வேறு பதில்தான் கிடைக்கும். புதிதாக வந்தவர்களுக்கு இது பிடிக்காது. போலீஸ் ஸ்டேஷனில் கேட்கிற மாதிரி கேட்கிறார் என்று ஒருவர் எழுந்துபோனது எனக்கு நினைவிருக்கிறது.

அவர் அடிக்கடி சொன்ன இன்னொரு சொல் ‘தெரியாது’. சென்னையிலிருந்து காரில் வந்த ஒருவர், மிகப் பழையது என்று ஒரு சிறிய செப்புக் காசை நீட்டினார். அக்கா அரைமணி நேரம் பார்த்துவிட்டு, “எனக்குத் தெரியலீங்க,” என்று திருப்பிக் கொடுத்தார். “சும்மா தோராயமா சொல்லுங்க.” “தோராயமாவும் தெரியலீங்க.” வந்தவர் ஏமாற்றத்தோடு போனார். “அக்கா, தெரியாதுன்னு ஒரு போர்டு எழுதி வாசல்ல மாட்டிடுங்க, போட்டோக்கு வர்றவனும் திரும்பிப் போய்டுவான்,” என்றார் மன்சூர் பாய். “உங்க கடையவே எடுத்துக்குங்க பாய். ஜரிகை ஒரிஜினலான்னு கேட்டா, தோராயமா ஒரிஜினல்னு சொல்வீங்களா?” என்றார் அக்கா.

குப்புசாமி நம் கூட்டத்துக்கு வந்தது இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில். தேவிகாபுரத்தில் பட்டு நெசவு. பல வருடம் ஆரணியில் ஒருவரின் தறியில் கூலிக்கு நெய்து, சொந்தமாக ஒரு தறி போட்டு அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. சேலை கொடுக்க ஆரணிக்கு வரும்போதெல்லாம் ஸ்டூடியோவுக்கும் வருவார். புதிதாகச் சேர்க்கத் தொடங்கியவர்களின் அவசரம் அவரிடமும் இருந்தது. பார்க்கிற காசெல்லாம் அபூர்வமானது என்று நினைப்பார்.

ஒரு ஞாயிறு, வெயில் முழுக்க இறங்கிய நேரத்தில் மூச்சு வாங்க வந்தார். மற்றவர்கள் போய்விட்டார்கள், நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா சாப்பிட உள்ளே போய்க்கொண்டிருந்தவர், வாசல்படியில் நின்று திரும்பினார். குப்புசாமி ஒரு வெள்ளி ரூபாயை நீட்டினார். ராணி தலை போட்டது.

“அக்கா, ஜல்தியா ஒரு வார்த்த சொல்லுங்க. பஸ் போய்டும்.”

அக்கா சன்னலோரம் போய், மிச்சமிருந்த வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் விளிம்பும் பார்த்தார். மேசைமேல் சுண்டிச் சத்தம் கேட்டார். “நல்ல காசுதான்பா,” என்று கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். குப்புசாமி காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் காலை, நான் கோலம் போட்டு முடிக்கும் முன்பே அக்கா என் வீட்டு வாசலில் நின்றார்.

“மங்கை, நேத்து குப்புகிட்ட எதுக்குக் கேக்கிறன்னு கேட்டேனா?”

நான் யோசித்தேன். “கேக்கலியே அக்கா. ஆனா காசு நல்ல காசுதானே?”

“காசு நல்லதுதான். அவன் மொகத்தப் பாத்தியா? ஒரு காசு கிடைச்சவன் மொகம் இல்ல அது. கிளம்பு.”

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு அவரோடு முதல் பஸ்ஸில் ஏறினேன்.

குப்புசாமியின் வீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள் பாயில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் மஞ்சள் துணியால் வாய் கட்டிய ஒரு மண்பானை. கலசப்பாக்கம் பக்கம் வீடு கட்டக் கடைக்கால் தோண்டியபோது கிடைத்ததாம். பானை நிறைய அதே ராணி ரூபாய்களாம். வெளியே தெரிந்தால் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் என்பதால் அவசரமாக, பாதி விலைக்குத் தருகிறாராம். அதற்காகக் குப்புசாமி தன் தறியை மச்சானுக்குக் கொடுத்துவிடப் பேசி முடித்திருந்தார். மச்சான் பணத்தோடு வந்துகொண்டிருந்தார். இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது குப்புசாமியின் மனைவி சரோஜா, அழாத குறையாக. “நீங்க நல்ல காசுன்னு சொல்லிட்டீங்களாம். அதுக்கு மேல என் பேச்சு எடுபடலீங்க,” என்றார்.

அக்கா உட்காரவில்லை. “குப்பு, நேத்து நான் சொன்ன வார்த்தய திருப்பி வாங்கிக்க வந்திருக்கேன்.”

குப்புசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாயில் இருந்தவருக்கு விளங்கியது. “இன்னாமா இது, நேத்து நல்ல காசுன்னீங்களாம், இன்னிக்கி பல்டி அடிக்கிறீங்க?”

“அந்த ஒண்ணு நல்ல காசுதாங்க. இன்னிக்கும் அதையேதான் சொல்வேன். பானைய நான் பாக்கல. பாக்காததுக்கும் சேத்து அவன் என் வார்த்தய எடுத்துகினு வந்துட்டான். மேல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, அடில ஒண்ணு எடுத்துக் காட்டுங்க, பாத்துச் சொல்றேன்.”

“பூஜ பண்ணாம பானைல கை வுடக் கூடாதும்மா.”

“பூஜைக்கு இன்னா வேணும்னு சொல்லுங்க,” என்றார் சரோஜா. “தேங்கா, பழம், கற்பூரம் எல்லாம் வீட்லயே இருக்குது. இதோ எடுத்தாறேன்.”

அந்த ஆள் சரோஜாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பிக்கை இல்லாத இடத்தில் தனக்கு வியாபாரம் வேண்டாம் என்று, குப்புசாமியின் கையிலிருந்த அந்த ஒரு காசையும் கேட்டு வாங்கிக்கொண்டு, பானையைத் தூக்கித் தோளில் வைத்து நடந்தார். குப்புசாமி தெருமுனை வரை கெஞ்சிக்கொண்டே பின்னால் போனார்.

திரும்பி வந்து அக்காவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “ஒரே பேஜாராப் போச்சு. நீங்க வராமலே இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம்பா,” என்றார் அக்கா.

திரும்பும் பஸ்ஸில் நான் ஆறுதலுக்காக, “நீங்க சொன்னது ஒண்ணும் பொய் இல்லையே அக்கா,” என்றேன். “நான் சொன்னது பொய் இல்ல மங்கை. அவனுக்குப் போய்ச் சேந்ததுதான் பொய். பசியில நான் அதப் பாக்காம வுட்டுட்டேன்,” என்றார்.

ஆறு மாதம்போலக் குப்புசாமி எங்கள் பக்கமே வரவில்லை. கைக்கு வந்த புதையலை அக்கா கெடுத்துவிட்டார் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்விப்பட்டோம். ஒரு நாள் சொல்வதை மறுநாள் மாற்றுகிற ஆளிடம் என்ன யோசனை கேட்பது என்று சிலர் பேசினார்கள். அக்கா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. பிறகு ஒரு ஞாயிறு, குப்புசாமி வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். வெம்பாக்கம் பக்கம் ஒருவர் நிலத்தை விற்று அதே மாதிரி ஒரு பானை வாங்கியிருக்கிறார். மேல் வரிசையில் மட்டும் வெள்ளி, அடியில் எல்லாம் ஈயம் என்று மன்சூர் பாய்தான் எங்களுக்குச் சொன்னார். குப்புசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப அதுவும் அப்படித்தானேக்கா?” என்றார் மெதுவாக.

“அந்தப் பானைய நான் பாக்கலப்பா. தெரியாது. டீ குடிக்கிறியா?” என்றார் அக்கா.

இன்றுவரை நான் அதை நினைத்துப் பார்க்கிறேன். ‘நான் அப்பவே சொன்னேன்’ என்று சொல்ல அவ்வளவு வசதியான இடம் வேறு யாருக்கும் கிடைத்திருக்காது.

கைவிட்டுப் போகாமல் தப்பிய அந்தத் தறியில் நெய்த சேலை ஒன்றைக் குப்புசாமி தீபாவளிக்குக் கொண்டுவந்தார். பட்டு ஊரில் பிறந்து வளர்ந்த அக்கா பட்டு உடுத்தியதே இல்லை. “புழுவ கொதிக்க வச்சி எடுத்த நூலு, எனக்கு வேணாம்பா. உன் தொழில நான் தப்பு சொல்லல, கோவிச்சுக்காத,” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். குப்புசாமி விடவில்லை. பட்டுத் தறியில் பருத்தி நூல் ஏற்ற முடியாது என்பதால், உறவுக்காரர் ஒருவரின் பருத்தித் தறியில் உட்கார்ந்து, சாயம் போடாத வெள்ளை நூலில், கரையே இல்லாமல் ஒரு துணி நெய்து வந்தார். மேசைமேல் விரித்துக் காசு வைக்க. பளிச்சென்று இல்லாத அந்த வெள்ளையில் வெள்ளி வெள்ளியாகவும் ஈயம் ஈயமாகவும் தெரியும். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஞாயிறும் நம் காசுகள் அந்தத் துணிமேல்தான் இருந்தன. உங்களில் பலர் அதைத் தொட்டிருப்பீர்கள்.

அக்காவின் தம்பி அந்தத் துணியை என்னிடம் கொடுத்திருக்கிறார். ஞாயிறு கூட்டம் இனி என் வீட்டில். யாராவது எதையாவது நீட்டும்போது முதலில் என்ன கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவசரத்தில் கேட்க மறந்தால், மறுநாள் முதல் பஸ்ஸில் போய் நிற்க வேண்டும் என்பதும் தெரியும்.

இதை எழுத உட்கார்ந்தபோது நூலகத்தில் யாரும் இல்லை. முதல் வரி எழுதும் முன்பே அந்தக் குரல் வந்துவிட்டது. இதெல்லாம் எதுக்கு மங்கை? ஊருக்குக் காட்டவா, இல்ல வச்சுக்கவா?

வச்சுக்கத்தான், அக்கா.