ஸ்லேட் ஆமுக்கு ஒரு வெறும் பெட்டி

ஆகஸ்ட் இரண்டாவது வாரம் நான் நியூஃபவுண்ட்லாந்துத் தீவுக்குப் போனது ஊர் பார்க்க அல்ல, என் அண்ணன் சுதனை வீட்டுக்குக் கூட்டிவர. மூன்று வருடங்களாக அவன் அந்தத் தீவின் தெற்குக் கரையில், தெருவே போய்ச் சேராத ஒரு கடற்கழியில், சால்மன் மீன் பண்ணையில் வேலை செய்கிறான். ஊரில் அறுபது பேர்கூட இல்லை. அந்த மாதம் அவர்களிடையே ஒரு வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது: இருப்பதா, ஊரோடு கிளம்புவதா? மிகப் பெரும்பான்மையானோர் 'கிளம்புவோம்' என்று வாக்களித்தால் அரசாங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் பணம் கொடுக்கும். பிறகு படகும் நின்றுவிடும், மின்சாரமும் நின்றுவிடும்.

அம்மாவுக்கு இது நல்ல செய்தி. ரொறன்ரோவின் மல்வேர்னில் எங்கள் வாடகை வீட்டுக் குசினியில் நின்று ஒரு பெட்டி நிறைய உறைந்த மட்டன் ரோல்ஸும் மிளகாய்த்தூளும் அடுக்கினார். இன்னொரு பெரிய பெட்டியை வெறுமையாகத் தந்தார்.

"உவன்ர சாமான் எல்லாத்தையும் உதுக்குள்ள அடுக்கிக்கொண்டு வா. ஒண்டையும் அங்க விட்டுட்டு வராதை."

அண்ணன் ஏன் போனான் என்று எங்கள் ஆட்கள் இன்னும் கேட்கிறார்கள். இங்கே அவனுக்குக் களஞ்சியசாலையில் இரவு வேலை, பகலில் நிலவறை அறையில் நித்திரை. அந்த அறைக்கு வாடகை வாங்கியவர் அஜக்ஸில் நாலு அறை வீட்டில் இருக்கும் எங்கள் உறவினர் ஒருவர்தான். கோயிலில் கண்டால், "தம்பி எப்ப வீடு வாங்கிறதா பிளான்?" என்று கேட்பார். இந்த நகரம் எங்கள் வயதுக்காரரின் முதுகில் ஏறி நின்றுகொண்டு, ஏன் இன்னும் நிமிரவில்லை என்று கேட்கும் நகரம். அண்ணன் கிளம்பிவிட்டான்.

போகிறவர்களுக்காகப் பாதையைச் சொல்கிறேன். ரொறன்ரோவிலிருந்து கான்டருக்குப் பிளேன், சுமார் மூன்று மணி நேரம். அங்கே கார் வாடகைக்கு எடுத்துத் தெற்கே ஏறத்தாழ இருநூற்றைம்பது கிலோமீற்றர் ஓட வேண்டும். கடைசிப் பாதியில் கடையும் இல்லை, தொலைபேசிச் சிக்னலும் இல்லை. பெற்றோலை நெடுஞ்சாலையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மாலைக்குப் பிறகு ஓடாதீர்கள். மூஸ் எனப்படும், குதிரையைவிட உயரமான மான்கள் தெருவில் வந்து நிற்கும், விலகமாட்டா. தெரு முடியும் இடத்தில் துறைமுகம். படகு வாகனங்களை ஏற்றாது. காரை அங்கேயே விட்டுவிட்டு எட்டு டொலர் கொடுத்து ஏறினேன். காலை பத்தே காலுக்குப் புறப்பட்டால் ஒன்றரை மணி நேரப் பயணம்.

முதல் ஒரு மணி நேரம் திறந்த கடல். நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். பிறகு பாறைச் சுவரில் ஒரு வெட்டுத் தெரிந்தது. படகு அதற்குள் திரும்பியதும் காற்று நின்றது. இந்தக் கரையில் இப்படிக் கடல் நிலத்துக்குள் நீளமாக நுழையும் இடத்தைக் 'கை' என்கிறார்கள், ஆங்கிலத்தில் 'ஆம்' (arm). ஸ்லேட் ஆம் ஒன்பது கிலோமீற்றர் நீளம், இடுங்கிய இடத்தில் அகலம் நானூறு மீற்றர்தான். இரண்டு பக்கமும் கருங்கல் செங்குத்தாக நீருக்குள் இறங்குகிறது. உச்சியில் மரமில்லை, பாசிதான். மழை பெய்த மறுநாள் என்பதால் பாறையெங்கும் வெள்ளை நூல்களாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. முதல் வளைவில் மலை கொஞ்சம் பின்வாங்கி இடம் விட்டிருக்கிறது. அந்த இடம்தான் ஊர். வீடுகள் மரக்கால்களில் நிற்கின்றன. தெருவுக்குப் பதில் பலகைப் பாதை.

இறங்குதுறையில் பாதி ஊர் நின்றது. படகில் வரும் சாமானை, அது யாருடையதாக இருந்தாலும், கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு போவது அவர்கள் வழக்கம். அண்ணனின் அடுத்த வீட்டுக்காரி கிளெண்டா, எழுபதை நெருங்குகிறவர், பெரிய பெட்டியைத் தூக்கப் பலத்தைத் திரட்டினார். பெட்டி சட்டென்று மேலே வந்ததில் ஓரடி பின்னால் போனார்.

"இதுக்குள்ள ஒண்டும் இல்லையே, மை லவ்," என்றார். பெட்டியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

அங்கே எல்லோரும் எல்லோரையும் 'மை லவ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அண்ணனையும்தான். ஸ்காபரோவில் அவனை அப்படிக் கூப்பிட யாரும் இருந்ததில்லை.

"எடி, நீ என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தனியோ, ரோல்ஸ் விக்க வந்தனியோ?" என்றான் அண்ணன், மற்றப் பெட்டியின் பாரத்தைப் பார்த்து. அவன் முகம் கறுத்து, அகன்று, நல்லாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது. எங்களோடு இருந்த காலத்தில் இந்த முகத்தை நான் கண்டதில்லை.

மறுநாள் தன் சிறிய படகில் கழியின் உள்முனைக்குக் கூட்டிப்போனான். மீன் பண்ணையின் வட்ட வலைகளைத் தாண்டினால் ஆளில்லாத மூன்று ஊர்கள். முதலாவதில் வெள்ளை வேலிக்குள் கல்லறைகள் மட்டும். இரண்டாவதில் அதுவும் இல்லை. மூன்றாவது, ஆறு கடலில் விழும் உள்முனையில் இருக்கிறது. யாரோ சமையலுக்கு நட்ட, புளிப்புத் தண்டுள்ள ரூபாப் செடி இடுப்பளவுக்கு வளர்ந்து, பறிக்க ஆளில்லாமல் நிற்கிறது. கிளெண்டா பிறந்தது அங்கேதான். அவருக்கு ஐந்து வயதில் அந்த ஊரை மூடினார்கள். அவருடைய தகப்பன் வீட்டை விடவில்லை. அடியில் வெற்றுப் பீப்பாக்களைக் கட்டி, வீட்டையே கடலில் மிதக்கவிட்டு, படகுகளால் இழுத்து வந்தார். தாய் அலமாரியிலிருந்து ஒரு கோப்பையைக்கூட இறக்கவில்லையாம். ஒன்றும் உடையவில்லை. இப்போது அண்ணனின் அடுத்த வீடாக நிற்பது அதே வீடு.

"அப்ப கிளெண்டா 'இல்லை' எண்டுதானே போடுவா?" என்று கேட்டேன்.

அண்ணன் மோட்டரை நிறுத்தினான். "அவவின்ர புருசன் ஹூபர்ட்டுக்கு ரெண்டு கிட்னியும் பழுதாப் போச்சு. கிழமைக்கு மூண்டு தரம் ரத்தம் சுத்திகரிக்க வேணும். மனுசன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில ஒரு வாடகை அறையில தனிய கிடக்கிறார். இந்த வீட்டை ஆர் வாங்குவினம்? ஊரே 'ஓம்' எண்டு போட்டாத்தான் அவைக்கு அங்க போய் ஒண்டா இருக்கக் காசு வரும்."

"நீ?"

"என்னட்டக் கேட்கிறவை எல்லாம் தங்கட கேள்விக்குத்தான் பதில் தேடுகினம்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நோயாளி ஒருவருக்கு உதவ வேண்டும் என்றால் அவருக்கு உதவ வேண்டியதுதானே. அதை விட்டு, அயலவனின் வீட்டை விலையாக வைத்து, 'நீங்களே முடிவு செய்யுங்கள்' என்று சொல்வதற்கு ஜனநாயகம் என்று பெயர். ஒன்றாக விறகு வெட்டியவர்கள் அந்தக் கோடையில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதை நிறுத்தியிருந்தார்கள்.

அன்று பின்னேரம் கிளெண்டாவின் குசினியில் அம்மாவின் ரோல்ஸைப் பொரித்தோம். மணத்துக்கு ஆட்கள் வந்தார்கள். கதவைத் தட்டும் பழக்கம் அங்கே இல்லை. பேசாமல் இருந்த இரண்டு வீட்டார் ஒரே தட்டிலிருந்து எடுத்தார்கள், அப்போதும் பேசாமல்தான். நடுவில் அம்மா அழைத்தார். வைஃபை இருந்ததால் முகமும் தெரிந்தது. நான் வெளியே பலகைப் பாதைக்கு வந்து நடந்ததை எல்லாம் சொன்னேன். 'ஓம் என்று போடச் சொல்லு' என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"அவனை 'இல்லை' எண்டு போடச் சொல்லு," என்றார் அம்மா.

"அம்மா, அவன் வரவேணும் எண்டுதானே நீங்கள்..."

"வரவேணும்தான். அதுக்காகத் தன்ர ஊரைத் தானே மூடிப்போட்டு வரச் சொல்லாதை. அண்டைக்கு எங்கட ஊரில சண்டை வரேக்க எங்களை ஆர் கேட்டது? எழும்பி ஓடு எண்டாங்கள், ஓடினம். கேட்கிறவனுக்காவது 'மாட்டன்' எண்டு சொல்லவேணும்."

அண்ணன் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறான். தொலைபேசியை வாங்கினான். "அம்மா, நான் 'இல்லை' எண்டு போட்டா எனக்கு ஒரு வீடு. 'ஓம்' எண்டு போட்டா அந்தாள் பெண்சாதி பக்கத்தில இருக்கச் சாவார். தனியச் சாகமாட்டார்."

அம்மா, "சாப்பிட்டியே?" என்றார்.

கிளம்பும் நாள் காலை அண்ணன் வெறும் பெட்டியைத் திறந்தான். உள்ளே மூலையில் ஒரு கடதாசிப் பொட்டலம்: ஒரு கைப்பிடி அரிசி, ஒரு மஞ்சள் துண்டு. எந்தப் பாத்திரத்தையும் வெறுமையாகக் கொடுத்தனுப்ப அம்மாவால் முடியாது. அவன் சிரித்தான், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பொட்டலத்தை எடுக்காமலே பெட்டியை மூடி, அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போனான்.

"கோப்பைகளுக்கு," என்று கிளெண்டாவிடம் சொன்னான். "இந்த முறை வீட்டை மிதக்கவிட விடமாட்டாங்கள்."

அவர் மஞ்சளை எடுத்து மணந்தார். இது என்ன என்று கேட்டார். உள்ளேயே இருக்கட்டும், எடுக்க வேண்டாம் என்றான். அவர் அதைத் திரும்ப உள்ளே வைத்தார்.

முடிவு ஒக்டோபரில் வந்தது. ஊர் கிளம்புகிறது. அண்ணன் ரொறன்ரோவுக்கு வரவில்லை. தெரு முடியும் அந்தத் துறைமுகத்தில் அறை எடுத்து, அதே பண்ணைக்குப் படகில் போகிறான். தினமும் தன் வீட்டைத் தாண்டித்தான் போகிறானாம். நான் ஒவ்வொரு இரவும் கான்டர் பிளேன் ரிக்கெற்றைத் தேடிப் பார்த்துவிட்டு மூடிவைக்கிறேன்.

போக விரும்புகிறவர்களுக்கு: ஜூலை, ஆகஸ்டில் போங்கள். தடித்த மழைச் சட்டை, வாந்திக் குளிசை, கைக்காசு. தங்குமிடம் தேட வேண்டாம், இறங்குதுறையில் நின்றால் யாராவது கூட்டிப்போவார்கள் என்று எழுதியிருப்பேன். இப்போது எழுத முடியாது. படகு ஓடுவது அடுத்த கோடை முடியும்வரைதான். அதற்குப் பிறகு சொந்தப் படகு உள்ளவருக்கு மட்டும்தான் அந்த வளைவு தெரியும். வீடுகள் பூட்டப்படாமல் இருக்கும், உள்ளே போகலாம். எதையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

அம்மா மட்டும் இன்னும் கேட்கிறார், அந்தப் பெரிய பெட்டி எங்கே என்று. கிளெண்டாவிடம் இருக்கிறது என்றேன்.

"மஞ்சள் இருந்தது தானே?"

"ஓம்."

"அப்ப சரி," என்றார்.